கரண்ட் பில் 2,443 ரூபாய்: எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது?

கேள்வி: 2025 ஏப்ரல் 6

ஊர் வேலூர். வீட்டில் நாங்கள் இருவர், பத்தாவதும் ஏழாவதும் படிக்கும் பிள்ளைகள், 74 வயது மாமியார். ஏ.சி. கிடையாது. போன முறை 492 யூனிட், 1,755 ரூபாய் வந்தது. இந்த முறை 548 யூனிட், 2,443 ரூபாய். 56 யூனிட் கூடியதற்கு 688 ரூபாயா? கணக்கெடுத்ததில் தவறு இருக்குமா? பில் வந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வை என்கிறார் வீட்டுக்காரர். பெரியவளுக்குப் பொதுத்தேர்வு நடக்கிறது, அவளும் தம்பியும் ஒரே லைட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மாமியார் ராத்திரி தானாகவே எழுந்து ஃபேனை நிறுத்திவிடுகிறார். இதனாலெல்லாம் உண்மையில் எவ்வளவு குறையும்? முதலில் எதைச் செய்வது?

ஏப்ரல் 6, இரவு

கணக்கில் தவறு இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு, மானியம் போக நம் கையிலிருந்து போவது இதுதான். முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற விலையே கிடையாது, 101-லிருந்தே 400 வரை 4.70 போட்டுவிடுவார்கள். 500 வரை அதே 6.30, அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

சரியாக 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் போகிறது. உங்கள் 688 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படித்தான் போயிருக்கிறது. ஆகவே நீங்கள் 548-ஐப் பாதியாக்க வேண்டியதில்லை, 500-க்குள் வந்தால் போதும். 50 யூனிட்தான் பிரச்சினை.

ஏப்ரல் 6, இன்னொன்று

முக்கியமானதை விட்டுவிட்டேன். மாமியாரின் ஃபேனை நிறுத்த விடாதீர்கள். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், ஆறு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது. உங்கள் இப்போதைய விலையில் ராத்திரிக்கு 4 ரூபாய்க்குள். வேலூர் வெயிலில், அந்த வயதில், சித்திரை மாதத்தில் காற்றில்லாமல் படுப்பது உடம்புக்கு ஆபத்து. பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு லைட் போட்டுக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு 9 வாட், நான்கு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் 2 யூனிட் சொச்சம்தான். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு, அதைத் தேடுவோம்.

ஏப்ரல் 8

சார்ஜர் கதை. போன் மாட்டாமல் சும்மா செருகியிருக்கும் இன்றைய சார்ஜர் கால் வாட்கூட இழுக்காது. 60 நாளும் செருகியே இருந்தாலும் அரை யூனிட் வராது. போனை தினமும் முழுசாக சார்ஜ் செய்தாலும் மாதம் அரை யூனிட் அளவுதான். சார்ஜரைப் பிடுங்குவது தவறில்லை, குழந்தை இருக்கிற வீட்டில் பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பில் அதனால் குறையாது. கண்ணுக்குத் தெரிவதை நிறுத்துகிறோம், தெரியாதது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். டிவியை ரிமோட்டில் நிறுத்தினாலும் அது தூங்குவதே இல்லை. என் வீட்டுப் பெட்டி 11 வாட். 24 மணி நேரமும், 60 நாளும் என்றால் 16 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

யூகம் வேண்டாம், அளந்துவிடலாம். செலவில்லாத வழி இருக்கிறது.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் 3200 என்ற எண் இருக்கும். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் எத்தனை விநாடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால், அந்த நிமிடம் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 10 விநாடி என்றால் 112 வாட். 2 விநாடி என்றால் 560. பத்து சிமிட்டலுக்குச் சேர்த்து எடுத்துப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

இப்போது ஒரு பத்து நிமிடம் எல்லா ஃபேனையும் லைட்டையும் டிவியையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். ஒன்றுமே ஓடவில்லை என்று நாம் நினைக்கும் நேரத்தில் விளக்கு எவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைத்தான் நான் வீட்டின் சும்மாக் கணக்கு என்பேன். 24 மணி நேரமும் ஓடுகிற கணக்கு அது. 100 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். யாரும் அனுபவிக்காத 144 யூனிட்.

கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சத்தம் போடுவதால் நிறைய இழுக்கிறது என்று தோன்றும். கிரைண்டர் 150 வாட், முக்கால் மணி நேரம் மாவாட்டினால் பத்தில் ஒரு யூனிட். மோட்டார் வாட் அதிகம்தான், ஆனால் தினம் அரை மணி நேரம்தானே ஓடுகிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா மீட்டரிலும் 3200 இருக்காது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், சரிதான். 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250-ஐ வகுங்கள். வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை விநாடியால் வகுங்கள்.

ஏப்ரல் 20

என் வீட்டுச் சும்மாக் கணக்கைச் சொல்கிறேன். திருச்சி உறையூர், சொந்த வீடு, நாங்கள் நான்கு பேர். 2023 கோடையில் பில் ஏறிக்கொண்டே போனது. ஃபேன், லைட் என்று எல்லோரையும் நான் கடிந்துகொண்டிருந்தேன். அம்மா அப்போதே, நீ எங்களைச் சொல்கிறாயே, யாரும் இல்லாத நேரத்தில் என்ன ஓடுகிறது பார் என்றார். அப்புறம்தான் மீட்டர் முன்னால் போய் நின்றேன். எல்லாம் நிறுத்தியும் 11 விநாடிக்கு ஒரு சிமிட்டல். 102 வாட்.

ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். செட்டாப் பாக்ஸ், வைஃபை, ஸ்டெபிலைசர் எல்லாம் பத்துப் பத்து வாட்டாகக் குறைந்தன. இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கியதும் ஒரேயடியாக 59 வாட் குறைந்தது. பேட்டரிக்கு ஆறு வயது. தொட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் வெதுவெதுப்பு. மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தோம், அது ஏன் அவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. கிழடாகிப் போன பேட்டரி, முழுசாக நிரம்பாமல் சார்ஜை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாங்கிய கரண்ட் பாதி சூடாகவும், பாதி தண்ணீரை வாயுவாகப் பிரிப்பதிலும் போய்க்கொண்டிருந்தது. 59 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 85 யூனிட். அம்மாவின் ஃபேனையும் மகனின் லைட்டையும் சேர்த்து நிறுத்தியிருந்தாலும் அத்தனை மிஞ்சியிருக்காது.

பேட்டரி மாற்றிய பிறகு இன்வெர்ட்டர் 13 வாட்தான் எடுக்கிறது. ஆனால் பில்லைக் குறைப்பதற்காகவே புது பேட்டரி வாங்கச் சொல்ல மாட்டேன், விலை அதிகம், போட்ட காசு திரும்பச் சில வருடம் ஆகும். ஏற்கெனவே அரை மணி நேரத்தில் கை விரிக்கிற பேட்டரி என்றால் மாற்றிவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகாத ஊர் என்றால் பகலில் சார்ஜிங்கை நிறுத்தி வைத்துச் சமாளிக்கலாம். பேட்டரி மூடியைக் கழற்றுவது, ஆசிட் அளவு பார்ப்பது எல்லாம் தெரிந்தவர் செய்யட்டும்.

ஏப்ரல் 21

போர்டில் இருக்கிற எல்லா எம்.சி.பி. சுவிட்சையும் இறக்கி, வீட்டுக்கே கரண்ட்டை நிறுத்திய பிறகும் மீட்டர் சிமிட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் வீட்டுக்குள் மிச்சம் பிடிக்கிற விஷயம் இல்லை அது. எங்கோ லைன் கசிகிறது, அல்லது மாடிப்படி விளக்கோ பக்கத்துப் போர்ஷன் மோட்டாரோ உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரீசியனை உடனே கூப்பிடுங்கள். பாத்ரூம் சுவரில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

(இரண்டு நாள் கழித்து: மாடிப்படி விளக்கும் பொது மோட்டாரும் அவர் மீட்டரில்தான் இருந்தனவாம். ஷாக்குக்குக் காரணம் வேறு, கீசர் ஒயர். இரண்டும் சரியாகிவிட்டன.)

ஏப்ரல் 27

ஃபிரிட்ஜ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏ.சி. இல்லாத வீட்டில் ஃபேன்களுக்கு அடுத்து இதுதான் பெரிய செலவாளி. வெயில் ஏற ஏற அதன் வேலையும் ஏறும். உங்கள் வீட்டில் கூடிய 56 யூனிட்டில் கணிசமானது இதிலும் ஃபேனிலும்தான் வந்திருக்கும்.

பிளக்கில் செருகி அளக்கும் ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, நான் 900 ரூபாய்க்கு வாங்கினேன். தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒன்று வாங்கினால் போதும், அளந்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். என் ஃபிரிட்ஜ் நாளுக்கு 1.9 யூனிட் எடுத்தது. சுவரில் இருந்த மாடம் மாதிரியான இடத்தில் கச்சிதமாகச் செருகி வைத்திருந்தோம், பார்க்க அழகாக இருக்கும். பின்னால் போகிற சூடு எங்கே போகும்? அரை அடி முன்னால் இழுத்தேன். பின்பக்கம் படிந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டினேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். அப்புறம் கதவு ரப்பர். ஒரு ரூபாய் நோட்டு அளவுக் காகிதத்தை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. என் கதவின் கீழ் மூலையில் அப்படித்தான் வந்தது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து ரப்பரை இழுத்துவிட்டேன், கொஞ்சம் சரியானது. இரண்டு மாதம் கழித்துப் புது ரப்பர் போட்டேன். இப்போது நாளுக்கு 1.5 யூனிட். 60 நாளில் 24 யூனிட் மிச்சம், செலவு ரப்பருக்கு மட்டும்தான்.

சாம்பாரைச் சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிச்சக் குழம்பையும் மாவையும் மூடி வையுங்கள், ஈரம் கூடினால் ஃபிரிட்ஜுக்கு வேலை கூடும்.

மே 4

அக்னி நட்சத்திரம் இன்றைக்கு ஆரம்பம். ஃபேன் பற்றித்தான் எழுத வேண்டும்.

பழைய ஃபேன் 75 வாட் என்றேன். ரிமோட்டில் வேகம் மாற்றுகிற புது வகை மோட்டார் ஃபேன், அதாவது பி.எல்.டி.சி. ஃபேன், முழு வேகத்தில் 30 வாட் அளவுதான். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் 60 நாளில் 43 யூனிட் குறையும். ஒரே ஒரு ஃபேன். விலை இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை. நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எந்த ஃபேன் அதிக நேரம் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். உங்கள் வீட்டில் அது மாமியார் அறை ஃபேனாகத்தான் இருக்கும், பகலிலும் அவர் அங்கேதானே இருக்கிறார்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டினால் உள்ளே இருக்கிற சர்க்யூட் கெட்டுப்போகும். பழைய வீடுகளில் பெட்டி மாதிரி பெரிய ரெகுலேட்டர் இன்னும் இருக்கிறது, வேகத்தைக் குறைத்தால் அது சூடாகும். ஃபேனில் மிச்சமாவதில் ஒரு பங்கு அந்தச் சூட்டில் போகிறது. கையடக்கமான எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்தத் தொல்லை கிடையாது.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால்தான் புதிது வாங்க நினைக்கிறேன் என்பவர்கள் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

மே 5

நேற்றுச் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று, அதனால் சிலர் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 43 யூனிட்டின் மதிப்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. நாம் குறைக்கிற யூனிட் எப்போதும் பில்லின் மேல்தட்டிலிருந்துதான் குறையும். 150 யூனிட் ஓடும் வீட்டில் 43 யூனிட் மிச்சம் என்றால் 101 ரூபாய். 350 ஓடும் வீட்டில் 202 ரூபாய். 540 ஓடும் வீட்டில் 500-க்குக் கீழே வந்துவிடுவதால் சுமார் 590 ரூபாய். ஃபேன் அதே ஃபேன்தான்.

ஆகவே 150 யூனிட்காரர் ஓடுகிற ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்க அவசரப்பட வேண்டாம், கெட்டுப்போகும்போது மாற்றிக்கொள்ளலாம். 500-ஐத் தொட்டுக்கொண்டிருப்பவர் இன்றைக்கே மாற்றலாம்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிய, ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டர் ரீடிங்கை எழுதி வையுங்கள். 500-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 8.3, வாரத்துக்கு 58. நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். இரண்டு வாரம் 58-ஐத் தாண்டினால் மூன்றாவது வாரம் என்னவென்று பார்க்க நேரம் இருக்கிறது. பில் வந்த பிறகு பார்த்தால் அது போன மாதத்துக் கதை.

மே 18

ஏ.சி. பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஒன்றரை டன், இன்வெர்ட்டர் வகை. 22-இல் வைத்து எட்டு மணி நேரம் ஓட்டினால் 8 யூனிட் வருகிறது. 26-இல் வைத்து மேலே ஃபேனை இரண்டில் ஓட விட்டால் 5 யூனிட். தூக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை, விடியற்காலையில் போர்வை தேடுவது நின்றது. ராத்திரிக்கு 3 என்றால் இரண்டு மாதத்தில் 180 யூனிட், 800 ஓடும் வீட்டில் ஒவ்வொன்றும் 9.45. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்கிற கணக்கு. 2020-லிருந்து புது ஏ.சி.கள் 24-இல் தொடங்கும்படி வருவதும் அதனால்தான். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள்.

அதற்கும் முன்னால் மொட்டை மாடி. மேல்தளத்து அறை பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும், ஏ.சி. அதோடுதான் சண்டை போடுகிறது. தட்டோடு பதித்த பழைய மாடிகள் பரவாயில்லை. வெறும் சிமெண்ட் மாடி என்றால் சுண்ணாம்போ வெள்ளைக் கூலிங் பெயின்டோ அடியுங்கள். நாங்கள் மார்ச்சில் சுண்ணாம்பு அடித்தோம். அறையில் வைத்த வெப்பமானியில் சாயங்காலம் 2 டிகிரி குறைந்திருக்கிறது. மழைக்குக் கரைந்துவிடும், அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம், கோடையில் தண்ணீருக்கே அல்லாடும்போது அது வேண்டாம்.

மே 19

பிளக்கில் செருகினால் 30 சதவீதம் குறையும் என்று விற்கிறார்களே, பச்சை விளக்கு எரியும் பெட்டி, அதை வாங்காதீர்கள். மைத்துனர் 1,200 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். மீட்டர் சிமிட்டலைச் செருகும் முன்னும் பின்னும் அளந்தோம், ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். அது பவர் ஃபேக்டரை, அதாவது வருகிற கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை, திருத்தலாம், ஆனால் வீட்டு மீட்டர் காசு வாங்குவது அதற்கில்லை. அதில் ஏமாறுவது பெரும்பாலும் பில் கட்ட முடியாமல் திணறுகிறவர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 8

வேலூர்க்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். மாமியார் அறைக்கு பி.எல்.டி.சி. போட்டாயிற்று, ஃபிரிட்ஜை நகர்த்தியாயிற்று, செட்டாப் பாக்ஸ் ராத்திரி அணைகிறது. சும்மாக் கணக்கு 38 வாட்தான், இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. ஆனாலும் 517 யூனிட், 2,183 ரூபாய். முழுக் கத்திரி வெயில் காலத்தில் 517 என்பது தோல்வி இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் 17 யூனிட்டில் 500-ஐத் தவறவிட்டது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவர் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: "முன்பெல்லாம் காலையில் ஒருமுறை மோட்டார் போட்டால் போதும், இப்போது சாயங்காலமும் போட வேண்டியிருக்கிறது." வெயிலுக்குத் தண்ணீர் செலவு கூடும், சரி. ஆனால் இரட்டிப்பாகுமா?

ஏப்ரலில் மோட்டாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதினேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஒரு எச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். தினமும் 25 நிமிடம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 25 யூனிட். அதோடு அது தண்ணீர் எங்கோ போகிறது என்பதற்கும் அறிகுறி.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு, விடிந்ததும் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு. முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். சத்தமே இல்லாமல் ஒழுகும். டேங்கில் மஞ்சள் தூளோ நீலமோ கரைத்து ஊற்றிவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள், கோப்பையில் நிறம் வந்தால் அடியில் இருக்கிற ரப்பர் போய்விட்டது.

ஜூன் 11

மஞ்சள் வந்துவிட்டதாம். பின்கட்டுக் கழிப்பறையில். வாஷர் மாற்றியாயிற்று, நேற்றிலிருந்து மோட்டார் காலையில் மட்டும்.

ஜூன் 15

சோலார் போடலாமா என்று கேட்டவருக்கு. நம் மாதிரி 500-க்குள் நிற்கிற வீட்டுக்குச் சராசரியாக யூனிட் மூன்றரை ரூபாய்தான் ஆகிறது, அவ்வளவு மலிவான கரண்ட்டுக்குப் பதிலாக சோலார் போட்டால் கட்டுப்படியாகாது என்று நினைக்கிறேன்.

ஜூன் 22

போன வாரம் எழுதியது எனக்கே சரியாகப் படவில்லை, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான் சராசரியை எடுத்தது பிழை. மே 5-இல் நானே எழுதியபடி, குறைவது மேல்தட்டிலிருந்துதான். ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும், 60 நாளில் 240. என் 490 யூனிட் 250 ஆகும். 1,742 ரூபாய் பில் 470 ஆகும். வருடத்துக்கு 7,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். எனக்கு ஒருவர் சொன்ன விலை 75,000, மத்திய அரசின் பி.எம். சூர்யகர் சோலார் திட்டத்தில் முதல் கிலோவாட்டுக்கு 30,000 மானியம் போனால் 45,000. ஆறு வருடத்தில் காசு திரும்பிவிடும், பேனல் அதற்கப்புறமும் பல வருடம் உழைக்கும். நிழல் விழாத சொந்த மொட்டை மாடி இருந்தால் யோசிக்கலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் ஃபேன் வாங்கினால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிக் கொடுங்கள்.

ஜூலை 6

ஜூலை 1-லிருந்து வந்த கட்டண உயர்வு வீட்டு இணைப்புகளுக்கு இல்லை. மேலே போட்ட கணக்குகள் அப்படியே பொருந்தும்.

அயர்ன் பாக்ஸ் பற்றிக் கேட்டதற்கு: தினம் ஒரு சட்டை என்று ஐந்து முறை சூடேற்றுவதைவிட ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் தேயுங்கள். பெரிய மிச்சம் இல்லை, ஆனால் காலை நேரப் பரபரப்பு குறையும்.

ஆகஸ்ட் 10

வேலூரிலிருந்து வந்திருக்கிறது: 463 யூனிட், 1,572 ரூபாய். ஏப்ரல் பில்லைவிட 871 ரூபாய் குறைவு. அதில் மழைக்காற்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனாலும் வாராவாரம் எழுதிய ரீடிங்கைப் பார்த்தால் ஃப்ளஷ் டேங்க் சரிசெய்த வாரத்திலிருந்தே இறக்கம் தெரிகிறது. பெரியவள் பத்தாவதில் தேறி, பதினொன்றாவது சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தனித்தனி லைட். அடுத்த ஃபேன் தீபாவளிக்கு, ஹாலுக்கு.

மாமியார் இப்போது ராத்திரி எழுந்து ஃபேனை நிறுத்துவதில்லையாம். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாலாம் வேகத்தில் விடியும்வரை தூங்குகிறாராம்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் கீசர் போடத் தொடங்குவீர்கள். பதினைந்து லிட்டரைப் பதினைந்து டிகிரி சூடாக்கக் கால் யூனிட்தான் ஆகும், ஆனால் சுவிட்சை அணைக்க மறந்தால் நாள் முழுக்கத் தானாகப் போட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து பேரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைத்துவிடுங்கள். அந்த வாரத்து ரீடிங்கை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.